செட்டிநாட்டு வீட்டுக்கு மெஷ் வைஃபை தேவையா?

அக்டோபர் 5 (வாசகர் கேள்வி)

எங்கள் வீடு கானாடுகாத்தானில், தெரு விட்டுத் தெரு நீளும். ரௌட்டர் முகப்பில் இருக்கிறது. வளவைத் (நடு முற்றத்தைத்) தாண்டினால் வைஃபை இல்லை. மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் வருகிறார்கள். மூன்று பெட்டி மெஷ் வாங்கி வைத்தால் எந்த வீட்டுக்கும் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய். வாங்கலாமா?

அக்டோபர் 5, இரவு (என் பதில்)

இந்த வாரம் வாங்காதீர்கள்.

மெஷ் என்பது வீட்டில் ஆங்காங்கே வைத்து வைஃபையைப் பரப்பும் பெட்டிகளின் கூட்டம். அவை தங்களுக்குள்ளும் காற்று வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. ஒரு பெட்டி உங்கள் போனுக்கும் அடுத்த பெட்டிக்கும் ஒரே அலைவரிசையில் பேசினால் வேகம் பாதியாகும். அடுத்த தாவலில் இன்னும் பாதி. அதுவும் சுவர் மெல்லியதாக இருந்தால்தான். பள்ளத்தூரில் எங்கள் வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், ஒன்றரை அடி. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் ஒரு சுவரைத் தாண்டுவதே பெரிய காரியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் வேகம் குறைவு.

சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்காகச் செய்த பொருள் இது. அங்கே நன்றாக வேலை செய்கிறது, நானே அண்ணன் வீட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். நம் வீடு வேறு.

அக்டோபர் 8

மேலே எல்லாப் பழியையும் சுவர் மீது போட்டுவிட்டேன். திருத்துகிறேன்.

எங்கள் முகப்பில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. ரௌட்டர் வருடக்கணக்காக அதற்கு முன்னால் ஒரு ஸ்டூலில் இருந்தது. நேற்று ஒட்டடை அடிக்க ஸ்டூலை நகர்த்தினோம். ரௌட்டர் இரண்டு முழம் தள்ளிப் போனது. அன்று மாலை வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவின் போனில் வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடியது. சந்தேகம் வந்து அளந்தேன். முன்பு மைனஸ் 78 டெசிபல் வந்த இடத்தில் இப்போது மைனஸ் 66. 12 டெசிபல் என்றால் ஏறத்தாழ 16 மடங்கு.

காரணம் யோசித்தால் எளிது. கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருக்கும் ரசம் உலோகம். வெளிச்சத்தைத் திருப்புவதுபோல் வைஃபை அலையையும் திருப்பிவிடும். இரும்பு பீரோவும் அப்படித்தான். நம் வீடுகளில் இரண்டுக்கும் குறைவில்லை. கேள்வி கேட்டவர் முதலில் தன் ரௌட்டர் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கட்டும். செலவே இல்லாத வேலை.

அக்டோபர் 12

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டைச் சுற்றி வந்தேன். கையில் போன், சட்டைப்பையில் சின்ன நோட்டு. அறைக்கு அறை நின்று அளவு எழுதினேன். அப்பத்தா, "ஏப்பா, எதைத் தொலைச்சே?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார்கள்.

ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரைக்கும் நேர்கோட்டில் கதவு நிலைகள் இருக்கின்றன. எல்லாக் கதவையும் திறந்து வைத்தால் வாசலிலிருந்து பின்கட்டு வரை கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோட்டில் எங்கு நின்றாலும் சிக்னல் இருக்கிறது. ஓரடி விலகி அறைக்குள் போனால் அறவே இல்லை. பலகைக் கதவைச் சாத்தினால் கொஞ்சம்தான் குறைகிறது. தேக்கு தடிமனாக இருந்தாலும் காய்ந்த மரம், அலை ஊடுருவிப் போய்விடுகிறது. சுவர்தான் நிறுத்துகிறது.

அப்புறம் வளவு. நடுவில் வானம் பார்த்த வாசல், சுற்றிலும் தூண் நிற்கும் பத்தி, பத்தியை ஒட்டி அறைகள். ஒவ்வோர் அறைக்கும் வளவைப் பார்த்து ஒரு கதவாவது உண்டு. காற்றும் வெளிச்சமும் அந்த வழியாகத்தான் அறைக்குள் போகின்றன. வைஃபையும் போகும் அல்லவா? நீளமான கேபிள் ஒன்றைத் தரையில் விரித்து, ஓர் ஆக்சஸ் பாயின்ட்டை (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வளவுத் தூணில் துண்டால் கட்டிப் பார்த்தேன். எட்டு அறைகளில் ஏழில் கிடைத்தது. எட்டாவது, சாமி அறைக்குப் பின்னாலிருக்கும் பாத்திர அறை. அங்கே யாருக்கும் இணையம் வேண்டாம்.

ஆகவே என் பதில் இது. மூன்று பெட்டி வேண்டாம். கட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆக்சஸ் பாயின்ட் வளவில் வையுங்கள். பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவே கேபிள் இழுங்கள். கேட்-6 என்ற இணையக் கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை தாங்கும். தெரு விட்டுத் தெரு இருந்தாலும் எங்கள் வீடு 60 மீட்டர்தான்.

அக்டோபர் 13

"சுவரில் துளை போடாமல் எப்படி?" என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான பயம். வெள்ளைப்பூச்சில் ஒரு துளை தவறினால் அதே பூச்சு பூச ஆள் தேடிக் காரைக்குடி, ஆத்தங்குடி என்று அலைய வேண்டும். நான் துளையே போடவில்லை. பழைய மின்கம்பிக்காக அடித்த தேக்குச் சட்டம் விட்டத்தை ஒட்டி ஓடுகிறது, அதன் மேல் விளிம்பில் கேபிளைப் படுக்க வைத்தேன். நிலைக்கு மேலிருக்கும் காற்றுச் சந்து வழியாக அடுத்த கட்டுக்குப் போனது. மின்கம்பியோடு ஒட்டி வெகுதூரம் ஓடவிடாதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்கும் இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

வெள்ளைக் கேபிள் வாங்காதீர்கள், தேக்கின் மேல் பளிச்சென்று தெரியும். பழுப்போ கறுப்போ கேளுங்கள்.

அக்டோபர் 15

கொஞ்சம் வழி மாறுகிறேன். நேற்றோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றன. என் லேப்டாப் 2013-இல் வாங்கியது, விண்டோஸ் 11 அதை ஏற்காது. இரண்டு பேர் தனிச்செய்தியில் "இனிக் குப்பைதானே" என்று கேட்டிருக்கிறார்கள்.

இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். ஒன்றரை மணி நேர வேலை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டது நான்கு வருடத்துக்கு முன்பு, பேட்டரி மாற்றியது போன வருடம். பின்மூடியில் ஏழு திருகாணி, கழற்றினால் எல்லாம் கைக்கு எட்டும். இன்று கடையில் இருக்கும் பல மாடல்களில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். அப்படிப்பட்டதை எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

அக்டோபர் 21

பேட்டரி என்றதும் இன்வெர்ட்டர் கேள்விகள் வந்துவிட்டன. மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது, இணையம் நிற்கக் கூடாது, என்ன செய்வது?

கணக்குப் போடுவோம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1800 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 900 என்று வைத்துக்கொள்வோம். என் ரௌட்டரும் ஆக்சஸ் பாயின்ட்டும் சேர்ந்து 18 வாட். 50 மணி நேரம் ஓடும்.

அக்டோபர் 21, சற்று நேரம் கழித்து

50 மணி நேரம் தவறு. சுட்டிக்காட்டிய மதகுபட்டி நண்பருக்கு நன்றி. இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் தனக்கென்று மின்சாரம் எடுக்கும். என்னுடையதை அளந்தேன், 17 வாட். ஆக ரௌட்டர் தின்பதற்குச் சமமாக இன்வெர்ட்டரும் தின்கிறது. 25 மணி நேரம்தான்.

இதற்கு நல்ல வழி, ரௌட்டருக்கென்றே வரும் கையடக்க 12 வோல்ட் யுபிஎஸ். பேட்டரியின் நேர் மின்சாரத்தை மாறு மின்சாரமாக்கி, ரௌட்டர் அடாப்டர் அதைத் திரும்பவும் நேர் மின்சாரமாக்கும் சுற்று வேலை மிச்சம். நான்கு மணி நேரம் தாங்குகிறது.

காரைக்குடிக்காரர்கள் பேட்டரியைப் பற்றித் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த சிக்ரி நம் ஊரில் இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம். பள்ளியில் படிக்கும்போது, பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடும் நாளொன்றில் கூட்டிப்போனார்கள். ஒரு கண்ணாடித் தொட்டியில் தாமிரம் படிவதைக் காட்டினார்கள். கம்பியைத் தொட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு அங்கேதான் வந்தது.

நவம்பர் 6

கெட்ட செய்தி. முந்தாநாள் இரவு இடி மழை. பின்கட்டைத் தாண்டி, தனிக் கட்டடமாக இருக்கும் கார் கொட்டகைக்கு ஒரு கேட்-6 இழுத்திருந்தேன், காமிரா ஒன்று வைக்க. காலையில், இணையக் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச்சின் அந்த முனை செத்திருந்தது, காமிராவும். பக்கத்து முனை ஒன்றும் போய்விட்டது. கிட்டத்தில் எங்கோ இடி விழுந்திருக்கிறது.

ஆகவே அக்டோபர் 12-இல் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்: ஒரே கூரைக்குக் கீழே தாமிரக் கேபிள் சரி. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெட்டவெளியில் தாமிரம் வேண்டாம். இரண்டு கட்டடத்தின் மண்ணுக்கும் இடையே இடி நேரத்தில் பெரிய வோல்டேஜ் வேறுபாடு வரும், கேபிள் அதற்குப் பாலமாகிவிடும். நான் இதைப் படித்திருக்கிறேன், தெரிந்திருந்தும் 20 அடிதானே என்று விட்டேன்.

இப்போது ஃபைபர் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், மின் குறியை ஒளியாகவும் ஒளியைத் திரும்ப மின் குறியாகவும் மாற்றும் பெட்டி. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

நவம்பர் 17

ஆக்சஸ் பாயின்ட் வைக்க மெத்தையில் (மாடியில்) இடம் பார்த்தபோது ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. ஐயாவின் அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) பர்மாவில், பெகுவில் எழுதிய பேரேடு. ஆண்டு ௲௯௱௨௰௭ என்றிருக்கிறது, அதாவது 1927. மை கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது. மற்றபடி நேற்று எழுதியதுபோல் படிக்க முடிகிறது.

அதே பெட்டியில் ஒரு சிடியும் இருந்தது. 2001-இல் சித்தப்பா தட்டச்சு செய்த குடும்ப வரிசை. கோப்பு திறந்தது, ஆனால் ஒரு சொல்லும் புரியவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. எந்த எழுத்துருவில் அடித்தோமோ அது இல்லாவிட்டால் வெறும் கோடும் புள்ளியும்தான். மூன்று எழுத்துரு மாற்றிகளைப் போட்டுப் பார்த்து, நான்காவதில் பெயர்கள் வந்தன. அத்தனையையும், எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, சாதாரண உரைக்கோப்பாக வைத்து, ஒரு பிரதி அச்சடித்துத் தகரப்பெட்டியில் போட்டிருக்கிறேன்.

பேரேட்டைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். ஆச்சரியம், வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ எல்லாமே யூனிகோடில் 2003-இலிருந்து இருக்கின்றன. ஆனால் பின்னங்கள் இல்லை. மா, காணி, முந்திரியை எல்லாம் சொல்லாகத்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. வருத்தம்தான்.

நவம்பர் 18

பின்னங்கள் இருக்கின்றன! அவசரப்பட்டு எழுதிவிட்டேன். 2019-இல் யூனிகோடு 12 வந்தபோது தமிழுக்குத் துணைத் தொகுதி ஒன்று சேர்ந்திருக்கிறது, 51 குறிகள். பழைய தமிழ்த் தொகுதிக்குள் மட்டும் தேடியதால் கண்ணில் படவில்லை. என் லேப்டாப்பில் நோட்டோ வரிசையின் துணை எழுத்துருவைப் போட்டதும் மாகாணி திரையில் வந்து நின்றது. போனில் இன்னும் கட்டம்தான் தெரிகிறது.

நவம்பர் 20

இரண்டு நாளாக இதே நினைப்பு. முந்திரி 320-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, மாகாணி 16-இல் ஒன்று. விரிதாளில் இவற்றைத் தசமமாகப் போட்டுக் கூட்டினால் எங்கோ கடைசி இலக்கத்தில் ஒரு பிசிறு ஒட்டிக்கொள்கிறது. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளால் வைத்துக்கொள்கிறது. 16-இல் ஒன்றைத் துல்லியமாக வைக்கும். 20-இல் ஒன்றை வைக்க முடியாது, ஐந்து என்ற காரணி உள்ளே இருப்பதால். மாகாணிக்கு இடம் உண்டு, மாவுக்கு இல்லை.

விடை பேரேட்டிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் முந்திரியாக எண்ணிவிட்டால் போதும். காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, கால் 80, அரை 160. எல்லாம் முழு எண். இன்றைக்குப் பணக் கணக்கு எழுதும் மென்பொருளில் ரூபாயைப் பைசாவாக வைத்துக்கொள்வது இதே உத்திதான். 1927-ஆம் ஆண்டின் முதல் நான்கு பக்கங்களை இப்படிக் கூட்டினேன். பக்க அடியில் அவர் எழுதிய தொகையும் என் தொகையும் ஒரு முந்திரி பிசகாமல் ஒத்துப்போயின. இரவு 11 மணிக்கு அப்பத்தாவை எழுப்பிச் சொன்னேன். "அவுக கணக்குத் தப்புமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 29

எந்த விசைப்பலகை என்று கேட்டவருக்கு: தமிழ்99. 1999-இல் சென்னை மாநாட்டில் ஏற்ற அமைப்பு. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். க-வை இரண்டு முறை தட்டினால் தானாக "க்க" ஆகிவிடும், ங-வும் க-வும் தட்டினால் "ங்க". புள்ளி வைக்கும் வேலை பெருமளவு மிச்சம். பழக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்குபவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் பேரேடு மாதிரி நீளமான வேலைக்கு மனசுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு ஓடிக்கொண்டே இருப்பது களைப்பு.

அப்பத்தா தட்டுவதே இல்லை. ஒலிவாங்கியை அமுக்கிப் பேசி, அது எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நகரத்தார் பேச்சு வழக்கு அதற்குப் பிடிபடவில்லை. "அப்பச்சி" என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ எழுதுகிறது. மென்பொருள் செய்பவர்கள் வட்டார வழக்கைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். எண்பது தாண்டியவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது, எனக்கு இதில் உண்மையாகவே அவசரம் இருக்கிறது.

டிசம்பர் 9

பூட்டிய வீட்டுக்குக் காமிரா நல்லதா என்ற சண்டைக்கு என் பங்கு: வாசலிலும் கொட்டகையிலும் வையுங்கள். வளவில் வேண்டாம். எங்கள் வீட்டை வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும் அக்காவும் வளவில்தான் சாப்பிடுகிறார்கள், மத்தியானம் கொஞ்சம் சாய்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து யாரோ பார்த்துக்கொண்டிருக்க அங்கே எப்படிச் சாய்வது? பங்காளிகளிடம் இதைச் சொன்னேன், ஒருவரைத் தவிர எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அண்ணனுக்கு ஒரு தாள் எழுதி ரௌட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பச்சை விளக்கு எரியாவிட்டால் எந்தச் சுவிட்ச்சை அணைத்து எத்தனை எண்ணிப் போட வேண்டும் என்று. நான் ஊரில் இல்லாத போது இரண்டு முறை அவரே சரி செய்துவிட்டார்.

நோன்புக்கு மறுநாள்

நேற்று வீட்டில் 34 பேர். 21 நாள் சேர்த்த நூலிழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, பெரியவர் கையால் ஒவ்வொருவரும் இழை எடுத்துக்கொள்ள வேண்டும். வர முடியாத பெரியத்தா கோலாலம்பூரிலிருந்து வீடியோவில். அங்கே தனியாக ஓர் இழை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், இங்கே அப்பத்தா எடுக்கும்போது தானும் எடுக்க.

பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. வளவு வாசலின் ஓரத்தில் ஒரு முக்காலியில் லேப்டாப்பை வைத்தேன், ஆக்சஸ் பாயின்ட் அதற்கு நேர் மேலே. சங்கு ஊதியபோதும் படம் நிற்கவில்லை. அப்பத்தா சுடரோடு இழையை வாயில் போட்டுக்கொண்டார்கள். திரையில் பெரியத்தாவும் அதே நேரத்தில். அரை நொடி தாமதம் இருந்திருக்கலாம், நான் பார்க்கவில்லை, கண் கலங்கிவிட்டது.

ஜனவரி 3

செலவு கேட்டிருக்கிறீர்கள். ஆக்சஸ் பாயின்ட் இரண்டு, கேபிள் ஒரு சுருள், சின்ன யுபிஎஸ், எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். இடியில் போன சுவிட்ச்சும் காமிராவும் ஃபைபர் சாமானும் தனி, அது 5,800. ஆக மெஷ்ஷை விட மலிவு என்று நான் சொல்ல முடியாது. இடிக்கு முன்பு எழுதியிருந்தால் சொல்லியிருப்பேன்.

கானாடுகாத்தான் நண்பரே, நோன்புக்கு உங்கள் வீட்டில் ரௌட்டரை நகர்த்தியதிலேயே பாதி சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மிச்சத்தைப் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம். என்னிடம் கறுப்புக் கேபிள் 40 மீட்டர் மீதி இருக்கிறது, கொண்டு வருகிறேன். உங்கள் வளவு விட்டம் எங்களுடையதைவிட உயரம் என்று படத்தில் தெரிகிறது. ஏணி இருக்கிறதா, இல்லை அதையும் வண்டியில் கட்டிக்கொண்டு வரட்டுமா?